புல்லின் குறுக்கே

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் மாதர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, புதிதாக வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் சந்திரமதி கேட்டாள்.

"நான் இருக்கிறது புக்கிட் மேராவில, நாலாம் மாடி. மண்ணுக்கு எங்க போறது?" என்றேன்.

"அதனால என்னக்கா, முன்னாடி சிராங்கூன் பக்கம் தோட்டம் வச்சிருந்தீங்கல்ல? அத எழுதுங்க லா. பூப்படம் நாங்க போட்டுக்கிறோம்."

தோட்டம் வைத்திருந்தது நான் அல்ல, என் கணவர் தியாகராசா. அவர் இறந்து ஐந்து வருடமாகிறது. முறைப்படி கட்டுரையை அவர்தான் எழுத வேண்டும். அவர் எழுதியிருந்தால் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்காது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'தோட்டம் என்பது மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே

இல்லை. எங்கள் தோட்டத்தில் தகராறு மனிதனுக்கும் மனிதனுக்கும்தான்.

இரண்டாம் முயற்சி: 'முதலில் பாதையைப் போடுங்கள். செடி பிறகு.'

இது பயனுள்ள வாக்கியம். கட்டுரை இத்துடன் முடிகிறது. இனி வருவது கதை.

1958இல், சிராங்கூன் பக்கம் காம்பங் ஜாவா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வாசலுக்கும் படலைக்கும் நடுவே வெறும் நிலம். (படலை என்பது வெளிக்கதவு. யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வோம். சந்திரமதி இதை 'கேட்' என்று திருத்துவாள்.) துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவர், பிராஸ் பாசா தெருவில் ஒரு பழைய புத்தகக் கடையில் இங்கிலாந்துத் தோட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டுக்கு வரும் பாதை நேராக இருக்கக் கூடாது, வருகிறவர் வளைந்து வந்தால்தான் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும் என்று அதில் இருந்தது. ரப்பர் குழாயைத் தரையில் போட்டு வளைத்து வளைத்துப் பார்த்தார். வளைவு பிடித்ததும் இரு ஓரமும் செங்கல் பதித்து, நடுவில் சரளை கொட்டினார். மீதி இடமெல்லாம் புல்.

(தொடங்குகிறவர்களுக்கு: குழாயை முதலில் வெயிலில் போட்டு வையுங்கள். இளகிச் சொன்னபடி வளையும். இந்தக் கதையில் சொன்னபடி வளைந்தது அது ஒன்றுதான்.)

3

பாதையில் ஒருவரும் நடக்கவில்லை.

படலையைத் திறந்தால் வாசல் நேரே தெரிந்தது. தபால்காரர், என் அண்ணன் அம்பிகைபாகன், பால்காரர் அழகப்பன், எல்லோரும் புல்லின் குறுக்கே வந்தார்கள். நானும் அப்படித்தான், அவர் கண் முன்னாலேயே.

"இஞ்சரும், உந்தப் பாதை என்னத்துக்குப் போட்டனான்?"

"வடிவாத்தான் இருக்குது. அதுக்காக மீன் கூடையோட ஊர் சுத்தி வரச் சொல்லுறியளோ?"

புல்லில் தேய்ந்த தடத்தின் நடுவே வெட்சி நட்டார். மிதிபட்டது. குரோட்டன்ஸ் நட்டார். ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு தடம் போட்டார்கள். கடைசியில் முள்ளோடு காகிதப்பூ.

"என்னய்யா இது, பால் வேணாம்னா நேராச் சொல்லிடுங்க," என்றார் அழகப்பன்.

"நேராத்தான் சொல்லுறன். பாதையால வாரும்."

"சரளையில சைக்கிள் சறுக்குதுங்க. பால் கொட்டுனா நீங்களா குனிஞ்சு அள்ளுவீங்க?"

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. இப்படி எழுதினால் அவர் வெறும் பிடிவாதக்காரராகத் தெரிவார். பிடிவாதக்காரர்தான். ஆனால் அவர் மட்டும் காலையும் மாலையும் அந்தப் பாதையில் நடந்தார், மழையிலும். குடையோடு வளைவில் நின்று செம்பருத்தியைப் பார்ப்பார். அடுக்களையில் எனக்குச் சரளை நெரிபடும் சத்தம் கேட்டால் அது அவர். கேட்காவிட்டால் வேறு யாரோ.

"ஒருத்தராவது இந்தப் பாதையால வந்து பாக்கோணும்," என்றார் ஒரு நாள். "பிறகு நீர் எல்லாத்தையும் புடுங்கிக் கத்தரிக்காய் நட்டாலும் பரவாயில்லை."

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒருத்தர்.

4

1963இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் நாற்காலியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தவர்

[இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.]

5

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பெட்டியைத் தூக்கியதும் என்னைப் பிடித்து உள்ளே திருப்பிவிட்டார்கள். என் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. அழுகைச் சத்தத்தில் சரளை கேட்கவில்லை. பிறகு வாசலைக் கழுவினார்கள், பிறகு மழை. நான் வெளியே வந்தபோது, வழியில் தூவிய பொரி புல்லிலும் சரளையிலுமாகத் தண்ணீரில் பரவிக் கிடந்தது. மைனாக்கள் சாட்சியத்தைத் தின்றுகொண்டிருந்தன.

அவரை எந்த வழியால் கொண்டுபோனார்கள்?

முடிவு, ஒன்று. பெட்டியைத் தூக்கியவர்களில் அண்ணனும் ஒருவர். கேட்டேன்.

"விசரே உனக்கு? பெட்டி தூக்கேக்க ஆர் வளைவு பாத்தது? நேரதான்."

அண்ணன் கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் நடந்தவர். அவருக்கு வழி தெரிந்திருக்காது.

முடிவு, இரண்டு. அழகப்பன்: "நடுவுல முள்ளு நிக்குதுல்லம்மா? ஐயா பாதையிலதான் போனாங்க. மெதுவா. நான் பின்னாடியே போனேன்."

சொல்லிக்கொண்டே அளவுக்கு மேல் பால் ஊற்றினார். அதனால் இதையும் நம்ப முடியவில்லை.

முடிவு, மூன்று. இது நேற்று எழுதும்போதுதான் தோன்றியது. எப்படிக் கொண்டுபோயிருந்தாலும் செல்லாது. அவர் கேட்டது போகிறவரை அல்ல, வருகிறவரை.

6

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். ஆனாலும் இவ்வளவு தூரம் வாசித்து வந்ததால், நீங்கள் இப்போது படலையில் நிற்கிறீர்கள்.

வாசல் நேரே தெரிகிறது. காகிதப்பூவை ஒதுக்கிக்கொண்டு புல்லால் வரலாம், எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். இடது பக்கம் சரளை. அவர் நாற்காலியில் பத்திரிகையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். வாசிக்கவில்லை.

நான் அடுக்களைக்குத் தேநீர் போடப் போகிறேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். கதவு திறந்துதான் இருக்கிறது. சரளையில் கால் வைத்தால் எனக்குக் கேட்கும்.