பெரியவளுக்குக் காய்ச்சல் இல்லை

சின்னவளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் என்று தெரிந்ததும் பெரியவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, வயிற்றெரிச்சல்தான். நூற்றிரண்டாம்! சின்னவளின் மகன் அதைப் பரீட்சையில் வாங்கிய மார்க் மாதிரி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தான். பஸ் ஓட்டுகிறவன். இத்தனை வருஷத்தில் அவசரத்துக்குக்கூட லீவு எடுக்காதவன், அம்மாவுக்கு என்றதும் நான்கு நாள் லீவு போட்டுவிட்டான்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. பேன்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. அதுதான் பிழைப்பு. பெரியவளுக்கு எழுபத்தாறு, சின்னவளுக்கு அறுபத்து மூன்று.

இந்தப் புகைச்சலுக்கு முப்பத்தொன்பது வயசு. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே, பெரியவள் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கோட்டுக் கையைச் சின்னவள் ஒரு மணி நேரத்தில் தைத்து வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? "அக்கா கஷ்டப்பட்டாங்களேன்னு தச்சேன்" என்று வேறு சொன்னாள். அன்றைக்குப் பற்றியது. அதன் பிறகு வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம், "கண்ணாடி போட்டவங்க தைக்கட்டும்" என்றார்கள். கண்ணாடி போட்டவள் சின்னவள்.

பெரியவளும் சும்மா இருப்பவள் இல்லை. சின்னவள் தைத்த எதுவும் தன் டேப்புக்குத் தப்பி வாசலைத் தாண்டக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டாள். அளப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், "அரை இன்ச் கம்மி" என்பாள். சின்னவள் முணுமுணுத்துக்கொண்டே துணியை உள்ளே எடுத்துப் போவாள். கால் மணி கழித்துக் கொண்டுவருவாள். மறுபடியும் அளந்து, "ம், இப்ப சரி" என்று பெரியவள் விட்டுக்கொடுப்பாள். அளக்கும்போது கட்டைவிரலால் டேப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் எதுவும் அரை இன்ச் குறையும். இது பெரியவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். உள்ளே போய்ச் சின்னவள் என்ன செய்தாள் என்று பெரியவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

காய்ச்சலைக் கொண்டுவந்தது ஒரு சாம்பல் நிற பேன்ட். அதைக் குட்டையாக்கக் கொடுத்த ஆபீஸ்காரர், கால் நீளம் அளந்து முடிக்கிற வரைக்கும் இருவர் முகத்திலும் மாறி மாறி இருமினார். மூன்றாம் நாள் அந்தப் பேன்ட்டை மடித்துத் தைத்து முடித்த கையோடு சின்னவள் படுத்துவிட்டாள்.

அடேயப்பா, என்ன உபசாரம்! நெற்றிக்கு ஈரத்துணி, கையில் ஆரஞ்சுச் சாறு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி ரத்தத்தில் பிராணவாயு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. "தொண்ணூத்தாறு, நல்லா இருக்கும்மா" என்பான் மகன். அந்தக் கிளிப்பைப் பார்த்துக்கூடப் பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது. தன் விரலில் ஒருவரும் எதையும் மாட்டவில்லை.

அவளுக்கும் லேசாக இருமல் இருந்தது. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. யாரும் பார்க்காதபோது தெர்மாமீட்டரை எடுத்து நாக்கின் அடியில் வைத்துக்கொண்டாள். தொண்ணூற்றேழு. ஏமாற்றமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கடைசியில் பெருமைதான் ஜெயித்தது.

"ரெண்டு பேர் மூஞ்சியிலயும்தான் இருமினான். என்னை என்ன செஞ்சிட்டான்? பதிமூணு வயசு மூத்தவ நான். உடம்புன்னா இப்படி இருக்கணும்" என்று உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

உள்ளறையிலிருந்து பதில் வரவில்லை. சின்னவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்தத் திருப்தியோடு பெரியவள் உட்கார்ந்திருக்கையில் வெளியூரிலிருந்து அவள் மகள் போன் பண்ணினாள். எடுத்ததும் கேட்டது, "சித்திக்குக் காய்ச்சல் குறைஞ்சுதாம்மா?"

பெற்ற பெண்! பெரியவளுக்கு நெஞ்சு அடைத்தது. "உன் சித்திக்கென்ன, மகாராணி. நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று போனை வைத்துவிட்டாள். நெஞ்சு அடைத்தது பொறாமையால் மட்டும் இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

சின்னவள் படுத்த நான்காம் நாள் காலையில் பெரியவளுக்கு ரொட்டி இறங்கவில்லை. மெஷின் மேலேயே இரண்டு தடவை தூங்கி விழுந்தாள். ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். ஆபீஸ்காரர் வந்து சாம்பல் நிற பேன்ட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தொண்டையும் திறந்துவிட்டது. படுத்தபடியே கேட்டாள்: "அக்கா, அந்த சாம்பல் கலர் பேன்ட்டை அளந்தீங்களா?"

"அளக்கல. குடுத்துட்டேன்."

"அளக்காமலா?"

"நீ தச்சது எதுக்கு அளக்கணும்? நல்லாத்தான் தச்சிருப்ப."

 உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னவள் வாசல்படிக்கு வந்து நின்று பெரியவளை உற்றுப் பார்த்தாள். முப்பத்தொன்பது வருஷமாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. உதடு நிறம் மாறியிருந்தது.

"டேய்! ஓடி வாடா! உன் பெரியம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சு!"

"காய்ச்சல்கூட இல்லையேம்மா அவங்களுக்கு" என்றபடி மகன் வந்தான்.

"காய்ச்சல் கெடக்குடா! நான் நல்லா தச்சிருப்பேன்னு சொல்றா. புரியுதா உனக்கு? அந்தக் கிளிப்பை எடுத்து மாட்டு!"

மாட்டினான். எண்பத்து நான்கு. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரியவளுக்கு முழுதாக நினைவு தெளிய ஐந்து நாள் ஆயிற்று. மூக்கில் குழாய் இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, நிதானமாகப் பேசினாள். "நிமோனியா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்."

"எனக்குக் காய்ச்சலே வரலையேம்மா."

"அதுதான் விஷயம். காய்ச்சல்ங்கிறது கிருமியோட உடம்பு போடற சண்டை. வயசாக ஆக உடம்போட காவல் படை மந்தமாயிடும். புதுசா ஆள் சேர்றதும் குறைஞ்சிடும். உங்க ஓரகத்தி உடம்பு அன்னைக்கே சண்டைக்கு எழுந்துடுச்சு. உங்க உடம்பு லேட்டா எழுந்துச்சு. அதுக்குள்ள கிருமி நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு. வயசானவங்களுக்குக் காய்ச்சல் வராமலே சோர்வு, குழப்பம்னுதான் காட்டும்."

சண்டைக்கு லேட்டா? நானா? பெரியவளால் நம்பவே முடியவில்லை. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே தடுப்பூசிதானே போட்டுக்கிட்டோம்?"

"ஆமா. ஆனா வயசு கூடினவங்க உடம்பு அதையும் கொஞ்சம் கம்மியாத்தான் எடுத்துக்கும். அதுவும் போடாம இருந்திருந்தா இன்னும் மோசமாகியிருக்கும்."

ஒரே ஊசியில்கூட அவளுக்குத்தான் அதிகம். பெரியவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சரியான நேரத்தில் கண்டுபிடித்தது யார் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டபோது எரிந்தது பாருங்கள், நிமோனியாகூட அப்படி எரியவில்லை. கோட்டுக் கையை விட்டுக்கொடுத்தாயிற்று, வாடிக்கையை விட்டுக்கொடுத்தாயிற்று, பெற்ற பெண்ணின் முதல் கேள்வியையும் விட்டுக்கொடுத்தாயிற்று. இனி உயிரும் அவள் கொடுத்தது.

சாயங்காலம் சின்னவள் வந்தாள். இளைத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், பையிலிருந்து ஒரு கறுப்பு பேன்ட்டையும் டேப்பையும் எடுத்துப் போர்வை மேல் வைத்தாள்.

"நாளைக்கு வாங்க வர்றாங்க. அளந்து குடுத்துடுங்க."

"ஆஸ்பத்திரிக்கா கொண்டு வருவாங்க இதை?"

"அளக்காம எப்படிக் குடுக்கிறது?"

பெரியவள் டேப்பை எடுத்தாள்.  கட்டைவிரலில் இழுக்கிற வலு இல்லை. டேப் தன் பாட்டுக்குத் துணி மேல் படிந்து கிடந்தது. முப்பது இன்ச். அளவுச் சீட்டிலும் முப்பதுதான். நூல் அளவுகூடப் பிசகவில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் சின்னவளின் தையலை இழுக்காமல் அளந்தது இதுதான் முதல் தடவை.

நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் டேப்பைப் பார்க்கவே இல்லை. பெரியவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பயந்து போயிருந்தன. இரண்டு கையாலும் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு அருமையாகத் தைக்கிறாளே பாவி என்று பெரியவளுக்கு உள்ளே எரிந்தது. உதட்டைப் பிதுக்கினாள்.

"அரை இன்ச் கம்மி."

சின்னவள் மூச்சை விட்டாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரிக்கா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி எப்பவும் போல இஸ்திரி போட்டுக் கொண்டாறேன்" என்றாள்.