ரெண்டு வருஷப் பராமரிப்பு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் லாட்ஜில் வேலை பார்ப்பவனுக்கு உட்கார நேரம் இருக்காது. சாரல் விட்டால் எழுந்திருக்க வேலை இருக்காது. முத்துச்செல்வம் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு அங்கே சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டு குளிக்க வந்த கூட்டத்தில் மசூதும் வந்தான். கடையநல்லூர்க்காரன், பள்ளியில் ஒரே பெஞ்சு. தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான்.

"ஏலே, பி.எஸ்.சி. படிச்சவன் சாவி குடுக்கான், பிளஸ் டூ படிச்சவன் ரூம் எடுக்கான். என்னலே நியாயம்?"

"மேஜைல எண்ணெய் ஒழுகுது. எறங்கு."

மசூது பிளஸ் டூ முடித்ததும் ஓசூரில் இரண்டு வருடம் ஆலைப் பராமரிப்பு டிப்ளமோ படித்தவன். இப்போது சவுதியில் ஒரு சிமென்ட் ஆலையில் மெஷின் பார்க்கிறான். அதே படிப்பில் முத்துச்செல்வத்தையும் சேரச் சொன்னான்.

"மோட்டார், பம்பு, பெல்ட்டு. நின்னதை ஓட வைக்கணும், அம்புட்டுதான். மெஷின் உள்ள வரைக்கும் சோறு உண்டு."

"லீவு?"

"படிக்கும்போது பொங்கலுக்கும் தீவாளிக்கும். வெளிநாடு போனா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க."

"உன் மவன் எப்படி இருக்கான்?"

மசூது சிரித்தான். "போன்ல நான் வாப்பா. நேர்ல போனா கள்ளன். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிடுதான். பழகி மடியில வந்து உக்காரும்போது எனக்கு லீவு முடிஞ்சிரும்."

முத்துச்செல்வம் சிரிக்கவில்லை. மனைவி சத்யபிரியா செத்ததிலிருந்து அவனுக்குச் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. டெங்கு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்போது மகள் ஸ்வாதி தவழத் தொடங்கியிருந்தாள். அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் மாமியார் உலகம்மாள் பிள்ளையை ஆய்க்குடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். "ஒரு நிலையான வேலையில உக்காருங்க மாப்ள. அன்னைக்கே கொண்டாந்து விட்டுருதேன்" என்றாள். இரண்டு வருடம் ஆகப்போகிறது.

படித்தால் வேலை. வேலை இருந்தால் பிள்ளை. ஆனால் படிக்கிற வரைக்கும் பிள்ளை ஆய்க்குடியில். படிக்காவிட்டாலும் ஆய்க்குடியில்தான். சாவிகளை ஆணியில் மாட்டியபடி இதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். வேறு மாதிரி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆய்க்குடிக்குப் போனான். சத்யபிரியாவின் அண்ணன் இசக்கிமணி போலீஸ்காரன். அன்று வீட்டில் இருந்தான். அவனுடைய பையன்கள் இரண்டு பேரும், "மாமா வந்தாச்சி!" என்று கத்தினார்கள். அத்தை புருஷன், அவர்களுக்கு மாமாதான். பின்னாலேயே ஓடிவந்த ஸ்வாதியும் "மாமா" என்றாள்.

அவள் பேசப் பழகியதே அந்தப் பையன்களிடம். அவர்களுக்கு அப்பா இசக்கிமணி, அம்மா சுகந்தி. அவளுக்கும் அப்படியே.

"ஏட்டி, மாமா இல்ல. அப்பா. அப்பான்னு சொல்லு" என்றது உலகம்மாளின் குரல், அடுப்படியிலிருந்து. வாராவாரம் அவள் திருத்துவாள். ஸ்வாதியும் ஒரு தடவை "அப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அந்த ஒரு தடவைக்காகத்தான் அவன் பஸ் ஏறிக்கொண்டிருந்தான்.

சாப்பிட்ட பிறகு விஷயத்தைச் சொன்னான்.

"ஆலைப் பராமரிப்பா?" இசக்கிமணி சிரித்தான். "முதல்ல எங்க ஸ்டேஷன் ஜீப்பைப் பராமரிங்க மாப்ள. தள்ளாம ஒரு நாளும் கெளம்பாது."

"புள்ளயப் பராமரிக்கணும்னா இந்தப் படிப்பு வேணும்லா மச்சான்."

ஸ்வாதிக்குத் தயிர்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சுகந்தி, உருட்டிய கவளத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மாமனார் சிவசைலம் தொண்டையைச் செருமினார். "நல்ல காரியம் மாப்ள. போயிட்டு வாங்க. ஃபீஸை நாங்க கெட்டுதோம். புள்ளயப் பத்தி ஒண்ணும் நெனைக்காதீங்க. அவ இங்கன நல்லாத்தான் இருக்கா."

"ஆமா மாப்ள. சவுதி கெடைச்சாலும் யோசிக்காம போங்க" என்றான் இசக்கிமணி.

சுகந்தி கவளத்தை ஊட்டினாள்.

யாராவது ஒருவர், புள்ளய விட்டுட்டு எங்க போறிய என்று கேட்பார்கள் என எதிர்பார்த்து வந்திருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அன்பாக இருந்தார்கள்.

கிளம்பும்போது ஸ்வாதி சுகந்தியின் இடுப்பில் இருந்தாள். கையை ஆட்டினாள்.

"டாட்டா மாமா."

முத்துச்செல்வம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். உலகம்மாள் அடுப்படி வாசலில்தான் நின்றாள். அவளுக்குக் கேட்டது. முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். அன்று திருத்தவில்லை.

அவனே சொல்லியிருக்கலாம். இதுவரை ஒரு தடவைகூட அவன் வாயால் சொன்னதில்லை.

"வாரேம்மா" என்றான் ஸ்வாதியிடம்.

பஸ் தென்காசிக்குள் நுழையும்போது மசூது போனில் கூப்பிட்டான்.

"என்னலே முடிவு பண்ணின?"

"சேருதேன்."

"அப்படிப் போடு! என்ன சொன்னாவ வீட்டுல?"

"ஃபீஸு அவங்களே கெட்டுதாங்களாம்."

"பொறவென்னலே? உனக்குச் செலவே இல்லயே. ரெண்டு வருசம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிரு. எல்லாம் புள்ளைக்காகத்தான?"

ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஷட்டரை இறக்கச் சொல்லி பின்சீட்டிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். இறக்கினான்.

"ஆமா" என்றான்.