பதினெட்டு அடி

நகர்மன்ற எழுத்தர் கையெழுத்துக் கேட்டு மூன்றாவது முறையாக வந்தபோது, தையல்காரி ஒரு பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அக்கா, மூணு வீட்டுக்காரங்களும் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி."

"கல்லுல முதல்ல யார் பேரு?"

"கயித்து வீடுதான். அவங்கதானே கயிறு பிடிச்சு ஊரையே அளந்தாங்க."

"அப்ப என் கையெழுத்தையும் அவங்களையே அளந்து எடுத்துக்கச் சொல்லு."

எழுத்தர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை மண்டபத்துல அந்தக் கயித்தையும் பழைய குறிப்பேட்டையும் வைக்கிறோம். வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்பது வருடங்களுக்கு முன் நான்கு வண்டிகளில் நான்கு குடும்பங்கள் ஆற்றைக் கடந்து இந்தக் கரையில் இறங்கின. கயிற்று வீடு, தச்சு வீடு, உலை வீடு, ஆலை வீடு. ஆற்றங்கரையோரம் வீட்டுக்கு ஐந்து கயிறு அகலம் என்று நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு கயிறு தொண்ணூறு அடி. ஆலை வீட்டுக்கு அப்பால் யாருக்கும் சேராமல் மிஞ்சிய துண்டு பொதுவிடமாகி, படகுத்துறையானது. அங்கே எதை நட்டாலும் நான்கு வீட்டுச் சம்மதமும் வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. இப்போது அந்தத் துறையில் நான்கு வீட்டுப் பெயரையும் வெட்டி ஒரு கல் நடப்போகிறார்கள். தச்சு வீட்டுக்காகக் கையெழுத்துப் போட அவளைத் தவிர ஆளில்லை. அவள் கணவர் போய் நான்கு மாதமாகிறது.

அவர் இருந்தவரை வருடம் தவறாமல் ஒருநாள் நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு சொந்த நிலத்தை அளப்பார். மறுமுனையை அவள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் நானூற்று முப்பத்திரண்டு அடிதான் வரும். நியாயப்படி நானூற்றைம்பது இருக்க வேண்டும். உலை வீட்டுக்கும் ஆலை வீட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் நோட்டில் தேதி போட்டு, "பதினெட்டு அடி குறைவு" என்று எழுதிக் கீழே கோடு இழுப்பார். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அவர் வாயில் அதே சொல்தான் வரும்: "பதினெட்டு அடி குறையுது."

அதை விழுங்கியது யார் என்பதில் தச்சு வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. கயிறு பிடித்தவன் தன் நிலத்தை முதலில் அளந்துகொண்டான். அடுத்து தச்சு வீட்டை அளக்கும்போது கயிற்றை மடித்துப் பிடித்தான். இல்லாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரன் அவ்வளவு உயரத்துக்கு மதில் எழுப்புவானேன்? மடியில் கனம் இல்லாதவனுக்கு மதில் எதற்கு? மூன்று தலைமுறையாகத் தச்சு வீட்டார் ஒருவரும் அந்த மதிலுக்குள் கால் வைத்ததில்லை. இப்போது அங்கே இருப்பவருக்கு ஊரில் மதில்காரர் என்றே பெயர்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் அவளை அருகில் கூப்பிட்டார்.

"கல்லுல அவன் பேரு முதல்ல இருந்தா நீ கையெழுத்துப் போடாதே."

"போடமாட்டேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காகச் சும்மா சொல்லலையே?"

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனைவியையும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போகும் வழியில் நாத்தனார் சேர்ந்துகொண்டாள்.

"கயித்தை மாத்தியிருப்பாங்க அண்ணி. புதுக் கயித்தை டீத்தண்ணியில முக்கி வச்சா பழசாயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"நீ முக்கிப் பாத்திருக்கியா?"

"எனக்கெதுக்கு? அவங்க மூளை அப்படித்தான் வேலை செய்யும்னு சொல்றேன்."

கண்ணாடிப் பெட்டிக்குள் சணல் கயிறு சுருண்டு கிடந்தது. பக்கத்தில் மதில்காரர் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்து, "வாங்க" என்றார். இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் சொல். கையெழுத்து வேண்டுமென்றால் வாயில் தேன் ஒழுகும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உலை வீட்டுப் பரணில் கிடைத்த குறிப்பேட்டை எழுத்தர் வாசித்தார். அந்த வீட்டின் முதல் மருமகள், நான்கு வண்டியிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண், எழுதியது.

"விடிந்ததும் ஆற்றைக் கடந்தோம். வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். நான்கும் கரையேறியதும் அந்தக் கயிற்றையே பிழிந்து எடுத்துக்கொண்டு அளக்கப் போனார்கள். கயிற்று வீட்டுக்கு முதலில். தச்சு வீட்டுக்கு அடுத்து. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கயிற்றையும் ஈரத் துணிகளையும் புதர்மேல் காயப்போட்டுவிட்டுச் சாப்பிட்டோம். சாயங்காலம் எங்கள் நிலத்தையும் ஆலை வீட்டு நிலத்தையும் அளந்தார்கள்."

பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். நாத்தனார் அவள் முழங்கையை இடித்து, "பாத்தீங்களா, முதல்ல தனக்குத்தான் அளந்திருக்கான்" என்றாள்.

அவள் காதில் விழவில்லை. 'பிழிந்து' என்ற சொல்லிலேயே மனது சிக்கிக்கொண்டது. புதுத் துணியை நனைத்துக் காயவைக்காமல் அவள் ஒருநாளும் கத்தரி வைத்ததில்லை. வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கயிறும் சணல்தான். மழை வந்தால் துணியை எடுக்க ஓடும்போதே முடிச்சையும் தளர்த்திவிட வேண்டும். ஒருமுறை மறந்துபோய், கயிறு இழுத்த இழுப்பில் கம்பமே சாய்ந்துவிட்டது.

சணல் நனைந்தால் சுருங்கும். சுருங்கிய கயிற்றால் அளந்தால் நிலம் குறையும்.

வீட்டுக்கு வந்தும் அது அரித்துக்கொண்டே இருந்தது. அப்படியானால் கயிறு சொட்டச் சொட்ட இருந்தபோது முதலில் அளந்த கயிற்று வீட்டு நிலம் இன்னும் அதிகமாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் அவன் திருடன்தான். கணவர் சொன்னதுதான் சரி. அவர் சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று ஒரு மனது வேண்டிக்கொண்டது.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் மதில் கதவைத் தட்டினாள். மதில்காரர் ஒரு முகம் தெரியும் அளவுக்கு மட்டும் திறந்தார்.

"உங்க நிலத்தை அளக்கணும்."

அவர் முகம் சுண்டிப்போனது. "வருவீங்கன்னு தெரியும். எங்கப்பா சொல்லிட்டுத்தான் போனாரு."

"என்னன்னு?"

"தின்னது போதாதுன்னு மிச்சத்துக்கும் ஒருநாள் வருவாங்கன்னு."

"யாரு யாரைத் தின்னது?"

"இருபத்திரண்டு அடி குறையுது எங்களுக்கு! நாங்க முதல் வீடு கட்டி முடிக்கிறதுக்குள்ள, ஆள் இல்லாத நேரம் பாத்து உங்க வீட்டுப் பெரியவர் எல்லைக்கல்லை நகத்திட்டாரு. அதுக்கப்புறம்தான் இந்த மதிலு. எங்களுக்கு மட்டும் ஆசையா, இருக்கிற காத்தையும் அடைச்சுக்கிட்டு உக்கார?"

அவள் டேப்பின் முனையை நீட்டினாள். "பிடிங்க."

"எதுக்கு?"

"எனக்கு நம்பிக்கையில்லை. அதுக்கு."

அளந்தார்கள். "தொய்ய விடாதீங்க" என்றார் அவர். "நீங்க இழுக்காதீங்க" என்றாள் அவள். ஒவ்வொரு நூறடிக்கும் இருவரும் நடந்துபோய் அடுத்தவர் வைத்த குறியைக் குனிந்து பார்த்தார்கள். நானூற்று இருபத்தெட்டு.

"எங்களுக்குப் பதினெட்டு குறையுது" என்றாள்.

"கதை."

"வந்து பாருங்க."

மூன்று தலைமுறையில் முதல்முறையாகக் கயிற்று வீட்டு ஆள் ஒருவர் தச்சு வீட்டு நிலத்தில் நடந்தார். டேப்பை அவளிடம் கொடுக்காமல் தானே படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார்.

"அப்ப மொத்தம் நாப்பது அடி எங்கதான் போச்சு?"

அவள் ஆலை வீட்டைத் தாண்டி, மிஞ்சிய துண்டான படகுத்துறையைப் பார்த்தாள். பிறகு கயிற்றைப் பிழிந்ததையும் வெயிலில் காயப்போட்டதையும் சொன்னாள். அவர் மதிலருகே போய் அதன்மேல் கையை வைத்தார்.

"வேணும்னா உங்க பேரையே முதல்ல போடச் சொல்றேன்" என்றார்.

இவருக்கு ஏன் திடீரென்று இந்தத் தாராளம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பழகிய புத்தி. அப்புறம்தான் உறைத்தது. அதற்கு ஒப்புக்கொண்டால் கணவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாகிவிடும். நாத்தனார் ஊரெல்லாம் மார்தட்டுவாள். ஆனால் முதலில் அளந்தது கயிற்று வீட்டை. அதிகம் இழந்ததும் அவர்கள்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டாள்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. போய்ச் சேர்ந்த கணவரை நம்பவைக்க வேண்டியதுதான் பாக்கி. யாரோ குறிப்பேட்டில் எழுதியதை அவர் நம்பமாட்டார். மதில்காரர் சொன்னதை நம்பவே மாட்டார். கொல்லையில் துணிக்கயிற்றை அவிழ்த்துத் தரையில் நீட்டி அளந்தாள். முப்பது அடி. தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊறவைத்து, பிழிந்து, மறுபடியும் நீட்டினாள். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் ஒரு செங்கல்லை வைத்தாள். இருபத்தெட்டு அடி எட்டு அங்குலம். செங்கல் நகர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் அளந்தாள். அதேதான்.

அவர் நோட்டை எடுத்து, அவருடைய கடைசிக் கோட்டுக்குக் கீழே தேதி போட்டு இரண்டு அளவையும் எழுதினாள். ஈரக் கையால் எழுத்து கொஞ்சம் கலைந்தது.

எழுத்தர் நான்காவது முறையாக வந்தபோது காகிதத்தை வாங்கினாள். கயிற்று வீடு முதலில் இருந்தது. அதற்குக் கீழே இருந்த தச்சு வீட்டுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள்.

எழுத்தருக்கு நம்ப முடியவில்லை. "மாமா கோவிச்சுக்க மாட்டாரா அக்கா?"

"கோவிச்சுக்குவாரு" என்றாள், ஊசியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டே. "வந்து அளந்து பாத்துக்கட்டும்."