443ஆம் வாசல்

என் கணவர் அக்மல் வெளிநாட்டில் வேலைசெய்யும் கம்பனியில், நெட்டில் கோல் எடுக்க விடமாட்டார்கள். இணையப் பக்கங்களைப் பார்க்கலாம், மெசேஜ் போடலாம், அவ்வளவுதான். நாசமாய்ப் போன சட்டம். அதற்காக நான் வாயை மூடிக்கொண்டு கிடப்பேனா?

குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் இணையப் பக்கம் காட்டும் கம்ப்யூட்டர், என் சேவர் ஒன்று ஏற்கனவே ஓடியது. பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் காற்றைப் பார்ப்பதற்காகக் கரையில் கமரா பூட்டி, அதை ஒரு பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் திறக்கும் 443ஆம் போர்ட் என்ற வாசலிலேயே, கோலை மறைத்துக் கொண்டுவரும் விபிஎன்னையும் வைத்தேன். வருகிற ஆளை ஒரு புரோகிராம் முன்னுக்கு நின்று பார்க்கும். பக்கம் கேட்டால் கமராவுக்கு அனுப்பும். விபிஎன் என்றால் என்னோடு பேச விடும். கம்பனிக்காரனுக்கு இரண்டும் பக்கம் பார்ப்பதாகத்தான் தெரியும்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அதில் கோல் எடுப்பார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. பிறகு கோலும் நின்றுவிட்டது. மெசேஜ் போட்டால் வேலை கூட என்று மட்டும் பதில் வரும்.

லைன்தான் பழுது என்று நினைத்தேன். சேவரைக் கழற்றிப் பூட்டினேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். கடைசியில், கம்பனி கேம்பில் அவரோடு ஒரே அறையில் தங்கும் ஜபார் நானாவுக்கு மெசேஜ் போட்டு, விபிஎன்னில் கோல் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவையே கிடைத்தது.

"லைன்ல ஒரு பழுதும் இல்ல தங்கச்சி," என்றார். "அக்மல் வேல முடிஞ்சி வந்து ஒங்கட பக்கத்துல கடலத்தான் பார்த்துக்கொண்டு இரிக்கான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாசல் வரைக்கும் வந்து, என்னைக் கூப்பிடாமல், கடலைப் பார்த்துவிட்டுப் போகிறாராமே! அவருடைய கேம்பிலிருந்து வந்தால் பக்கம் திறக்காதபடி அடைத்துவிட்டேன். இனி விபிஎன் வழியாக வந்து என்னோடு பேசவேண்டும். இல்லாவிட்டால் எட்டிப்பார்க்கவும் வரமாட்டார். அடைத்த பிறகு பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் விபிஎன்னில் கோல் வந்தது. எடுத்தேன்.

"ரம்ஸியா, கடல் தெரியல்ல," என்றார்.

"என்னையுந்தான் நீங்க பார்க்கல்ல."



"லீவு தாறாங்க இல்ல, புள்ள. ஒன்ட மொகத்தப் பார்த்தா எனக்கு இஞ்ச இரிக்க ஏலாமப் போகுது. கடல எண்டா பார்க்க ஏலும்."

ஏசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அது அவருக்குக் கேட்கக் கூடாதென்று கோலை வைத்துவிட்டு, அடைத்த பக்கத்தைத் திரும்பத் திறந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் சேவரைப் பார்த்தேன். விபிஎன்னில் ஒருவரும் இல்லை. கடலை மட்டும் கேம்பிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.