பேர் வெட்டிய டம்ளர்கள்

கருட சேவைக்கு மறுநாள் காந்தி ரோடு எப்படி இருக்கும் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருமாள் போன வழியெல்லாம் பேப்பர் கப்தான். போன வருஷம் அதைப் பார்த்து வயிறெரிந்த காவேரி, தன்னோடு காலேஜில் படிக்கும் விமல்ராஜையும் இன்னும் நாலைந்து பேரையும் சேர்த்துக்கொண்டு, இந்த வருஷம் எவர்சில்வர் டம்ளரில் மட்டுமே மோர் கொடுக்கும் பந்தல் போடுவதென்று முடிவு செய்தாள். முடிவு செய்வது சுலபம். டம்ளருக்கு எங்கே போவது?

வாடகைப் பாத்திரக் கடைக்காரர், கருட சேவை என்ற வார்த்தையைக் கேட்டதுமே பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார். கடைசியில் காவேரியின் அக்கா ஏலவார்குழலிதான் கைகொடுத்தாள். ஆனி மாதம் அவளுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பதற்காக, தன் தறிக்கூலியிலேயே டம்ளர் வாங்கி, 'ஏலவார்குழலி – குமரகுரு' என்று பேர் வெட்டி, மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"எடுத்துக்கினு போ. ஆனா குறைஞ்சிதுன்னா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க முன்னாடி அப்பா தலைகுனிஞ்சி நிக்கணும். அதை மறந்துடாத," என்றாள் குழலி. சொன்னதோடு விடாமல், மோர் ஊற்றத் தானும் பந்தலுக்கு வந்து நின்றாள்.

விடியும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உள்ளூர்க்காரர்கள் குடித்தார்கள், கொடுத்தார்கள். விமல்ராஜ் கழுவிக் கவிழ்த்தான். பிறகு சுற்று வட்டாரத்து ஜனம் வந்து இறங்கியது. அவர்களும் மோரைக் குடித்தார்கள். டம்ளரைத் திருப்பிப் பார்த்தார்கள். பேரைப் படித்துவிட்டு, கண்ணில் ஒற்றி, பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊர்க் கோயில்களில் மணி, விளக்கு, உட்காரும் பெஞ்சு என்று எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பேரை வெட்டித்தான் கொடுப்பார்கள். திருவிழாவில் பேர் வெட்டிய டம்ளரைக் கையில் கொடுத்தால், அது எடுத்துப்போகச் சொல்லும் உபயம் இல்லாமல் வேறு என்ன? காலேஜில் படிக்கிற அத்தனை மண்டைகளில் ஒன்றுக்குக்கூட இது தோன்றவில்லை.

காவேரி கத்திப் பார்த்தாள். மேளமும் நாதஸ்வரமும் அவள் குரலை விழுங்கிவிட்டன. ஓடிப் பிடிக்கலாமென்றால், எள் விழ இடமில்லை. டம்ளர்க் கூடைகள் காலியாகிக்கொண்டே வந்தன. குழலி பாட்டுக்கு மோரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது காவேரிக்கு.

அப்போது முசரவாக்கத்திலிருந்து வந்த காந்தா என்ற அம்மாள் மோரைக் குடித்து முடித்து, டம்ளரை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். "யாரு வூட்டு உபயம்மா? புருஷனும் பொண்டாட்டியும் நல்லா இருக்கணும்," என்றாள்.

"உபயம் இல்லம்மா," என்றாள் காவேரி. குழலியைக் காட்டினாள். "எங்க அக்காவோடது. அடுத்த மாசம்தான் கல்யாணமே. பேப்பர் கப் வேணாம்னு நாங்கதான் கேட்டு எடுத்தாந்தோம்."

காந்தாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "இன்னும் தாலியே ஏறலையா?"

குழலியை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். டம்ளரை வெளியே எடுத்து வைத்தாள். திரும்பிக் கூட்டத்தில் நின்ற தன் ஊர்க்காரரைப் பார்த்து, "ஏ ஆனந்தராஜு, அந்த டம்ளரை எடு. கல்யாணப் பொண்ணு வெச்சிருந்ததாம், கல்யாணம் இன்னும் ஆவல. உன் முன்னாடி நிக்கறவங்ககிட்டயும் சொல்லு," என்றாள். ஆனந்தராஜ் அடுத்தவருக்குச் சொன்னார். அதற்குள் பெருமாளின் குடைகள் தெரிந்துவிட்டன.

ஜனம் மொத்தமும் கையைத் தூக்கியது. காவேரியும் தூக்கினாள். வாய் வரதா வரதா என்றது; கண் மட்டும் போகிற வருகிறவர்களின் பைகளிலேயே இருந்தது. கருடன் ஆடி அசைந்து கடந்து போனார்.

பெருமாள் போனபின் கைகள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஒவ்வொரு கையிலும் ஏதோ மின்னியது. டம்ளர்கள். அந்தக் கோடியிலிருந்து தலைகளுக்கு மேலாக, கை மாறிக் கை மாறி, இளவெயிலில் பளபளத்துக்கொண்டு பந்தலை நோக்கி வந்தன. யார் அனுப்பினார்கள் என்று முகம் தெரியவில்லை. ஒன்றில் துளசி இருந்தது. ஒன்றில் குங்குமம், ஒன்றில் தலையிலிருந்து எடுத்த மல்லிகை, இன்னொன்றில் மஞ்சள் கிழங்கு. இப்படியும் ஒன்று இந்த ரோட்டில் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் காவேரி நம்பியிருக்க மாட்டாள்.

கூடைகள் நிரம்பின. அவள் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். குழலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ண வேணாம்டி. வராதது இருந்தா, எடுத்துக்கினு போனவங்களும் என் கல்யாணத்துக்கு வந்தவங்கதான். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

நிமிர்ந்து பார்த்தால், பந்தலுக்கு முன்னால் வரிசையாகக் குவித்த கைகள். யாரும் டம்ளரைத் தொடவில்லை.

"கையிலயே ஊத்துமா," என்றாள் முன்னால் நின்ற காந்தா. "கல்யாணப் பொண்ணு பாத்திரத்தை நாங்க எதுக்குத் தொட்டுக்கினு?"

குழலி கையில் ஊற்றவில்லை. துளசி கிடந்த டம்ளரை எடுத்து, அதில் மோரை ஊற்றி, குவித்திருந்த அந்தக் கைகளுக்குள் வைத்தாள்.

"குடிச்சிட்டுக் குடும்மா. அடுத்தவங்க காத்துக்கினு இருக்காங்க."

காந்தா அண்ணாந்து, சொட்டு சிந்தாமல் குடித்தாள். டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.