நசீமின் சிவந்த முகம்

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் சிலர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். ஜூன் மாதம், கடல் தாண்டி இன்னொரு தீவிலிருந்த லம்பாசாவில் நசீமின் முகம் சிவந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் ஆராயவில்லை. ஊருக்கு அதைவிட எளிய விளக்கம் கிடைத்துவிட்டது. மனுஷன் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நசீம் சர்க்கரை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா. கரும்பு லாரி மேடையில் வந்து நின்றதும் எடையைப் பார்த்து எழுதி, ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கிலோ கூட்டி எழுதியதும் இல்லை, குறைத்து எழுதியதும் இல்லை. சொந்த மச்சானின் லாரிக்கும் அதே கதிதான். பள்ளிவாசல் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். பீரும் ரம்மும் கிடக்கட்டும், ஊரே வட்டமாக உட்கார்ந்து குடிக்கும் யங்கோனா வேர்ச்சாற்றைக்கூட அவர் ஒரு கிண்ணம் வாங்கியதில்லை. இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சங்கடம் தீர ஒரு வழி கிடைத்தபோது ஊர் அதை விடவில்லை.

மூக்கும் இரண்டு கன்னங்களும் அடுப்பு ஊதிவிட்டு எழுந்தவர் போலச் சிவந்து கிடந்தன. பதினாறு வயதில் வராத பருக்கள் ஐம்பத்து மூன்றில் வந்தன. கிள்ளிய இடமெல்லாம் கரும்புள்ளி. ஒரு நாளைக்கு நூறு லாரி டிரைவர்கள் அந்த முகத்தை ஜன்னல் வழியாக ஒரு முழ தூரத்தில் பார்த்தார்கள். அவர்களில் பல்ராமுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "பாவம், நாட்டு நெலம யாரத்தான் விட்டுது" என்று அனுதாபத்தோடு சொல்லியே எல்லாக் கிராமத்துக்கும் சேர்ப்பித்தான். ஊரில் இந்தப் பேச்சு ஹிந்தியில்தான் நடந்தது. எந்த மொழியில் சொன்னாலும் வதந்திக்குக் கால் முளைத்துவிடும்.

வெறும் பேச்சாக இருந்திருந்தால் நசீம் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் வீட்டில் இருபத்திரண்டு வயதில் முனீரா இருந்தாள். சுவாவுக்குப் பக்கத்து ஊரான லாமியில் தாஜுதீனின் மகன் ஜாவேத், எலெக்ட்ரீஷியன், ஜனவரியில் நியூசிலாந்து போகிறான். நிக்காஹ் முடித்துவிட்டுப் போகலாம் என்று பேச்சு. அந்த வருஷம் மாப்பிள்ளையின் உயரத்தையோ நிறத்தையோ யாரும் கேட்கவில்லை. வெளிநாடு போகப் பேப்பர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். முனீராவும் இரண்டு தடவை போனில் பேசிவிட்டு, பையன் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் அப்படிச் சொன்னால் ரொம்பப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஜூலையில் லம்பாசா ராணுவ முகாமில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். கரும்புக்காட்டில் தனியாக இருந்த இந்திய வம்சாவளியினரின் வீடுகள்மேல் கல் விழுந்தது. நசீம் பயந்தார். தனக்கு என்ன ஆனாலும் மகள் இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டார்.

ஆகஸ்டில் தாஜுதீனிடமிருந்து செய்தி வந்தது. பெண்ணைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் குடிகாரர் வீட்டில் சம்பந்தம் வைப்பதாக இல்லை, நவம்பரில் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம். அவ்வளவுதான். மறுநாள் நசீம் பக்கத்து நசியாவிலிருந்த கிளினிக்குக்குப் போனார்.

டாக்டர் வைதேகி தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நசீம் தம் அத்தா பேசிய பழைய தமிழை எடுத்துத் தூசி தட்டினார்.

"மூஞ்சி எரியிது டாக்டரம்மா."

"குடிப்பீங்களா?"

இவரும் அதையே கேட்டதில் நசீமுக்கு மனசு விட்டுப்போனது. "இல்லீங்க. ஊருக்காகவும் இல்ல, ஒளிச்சும் இல்ல."

டாக்டர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தார். "இது ரோசேசியா. தோல் வியாதிதான். குடிக்கிறவங்களுக்கும் வரும், குடிக்காதவங்களுக்கும் வரும். வெயில், காரம், கொதிக்கக் கொதிக்க டீ, கவலை, இதெல்லாம் அதைக் கூட்டும். குறைச்சுக்கணும்."

"டீய ஆத்திக் குடிக்கிறேன். காரத்த விட்டுடறேன். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கறேன்."

"கவலை?"

"அது கவர்மென்டு கையில இருக்குங்க."

அசெலெயிக் ஆசிட் என்று எழுதி, ஒரு டியூபையும் எடுத்து வைத்தார் டாக்டர். ஆசிட் என்றதும் நசீம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "பேருதான் ஆசிட்," என்றார் டாக்டர். "பார்லி, கோதுமையிலெல்லாம் இருக்கிற பொருள். பருவுக்கும் ஆகும், செவப்புக்கும் ஆகும், கரும்புள்ளிக்கும் ஆகும். காலையில ஒரு தரம், ராத்திரி ஒரு தரம், முகத்தைக் கழுவித் துடைச்சிட்டுப் பட்டாணி அளவு எடுத்துப் பூசுங்க. முதல் ரெண்டு மூணு வாரம் எரியும், அரிக்கும். பயப்படாதீங்க. பன்னிரண்டு வாரம் விடாம போட்டாத்தான் பலன் தெரியும்."

நசீம் விரலை மடித்து எண்ணினார். நவம்பர் நடுவில் முடிகிறது. "ஒரு சீட்டு எழுதித் தர முடியுங்களா, நான் குடிக்கறதில்லன்னு?"

"அதை நான் பார்த்ததில்லையே. தோலுக்கு என்னன்னு எழுதித் தரேன்."

சரியான எடைதான் என்று நசீம் ஒப்புக்கொண்டார். சீட்டைக் கமிட்டியில் காட்டியபோது எல்லோரும் மரியாதையாகப் படித்தார்கள். குடிக்காதவனுக்கு டாக்டர் சீட்டு எதற்கு என்று வெளியே வந்து பேசிக்கொண்டார்கள்.

போதாக்குறைக்கு அவருடைய நேர்மை வேறு. பீர் காய்ச்சுகிற பார்லி என்ற வார்த்தை மனசை உறுத்தியதால், இதைப் பூசலாமா என்று மவுலவியிடம் போய்க் கேட்டார். பூசத் தடையில்லை, நக்காமல் இருந்தால் சரி என்றார் அவர். அதைப் பக்கத்தில் இருந்த நாலு பேர் கேட்டார்கள். நசீம் இப்போது பார்லியை முகத்திலும் பூச ஆரம்பித்துவிட்டதாகச் சனிக்கிழமைச் சந்தையில் பேச்சு.

மருந்து பூசியது கைருன்னிசா. கண்ணாடி போட்டால் பூச இடமில்லை, கழற்றினால் முகம் தெரியவில்லை என்பதால் அந்த வேலை அவர் மனைவிக்கு வந்து சேர்ந்தது. காலையில் பஜ்ர் தொழுகை முடிந்ததும், இரவு படுக்கப் போகுமுன்னும், ஒற்றை விரலால் கன்னம் கன்னமாகத் தடவுவாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததில்லை. எரிச்சலில் கண்ணில் நீர் வழிந்தாலும் நசீமுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

முதல் மூன்று வாரம் முகம் முன்னைவிடச் சிவந்தது. அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும், லாரிக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டாவது டியூப் சுவாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வந்தால் மருந்து இல்லை, மருந்து வந்தால் கப்பல் இல்லை. ஒரு வாரம் தினமும் சவுசவு துறைமுகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த ஆள், என்ன சரக்கு பாய், இவ்வளவு அவசரம் என்று கேட்டான். அதுவும் ஊருக்கு வந்து சேர்ந்தது. அக்டோபரில் டாக்டர் வைதேகியும் பிரிஸ்பேன் போய்விட்டார். அந்த வருஷம் போகிறவர்களை எண்ணி மாளாது. நசீமுக்கு இருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

ஆனால் மருந்து வேலை செய்தது. எட்டாவது வாரம் பரு அடங்கியது. பத்தாவது வாரம் சிவப்பு இறங்கியது. கரும்புள்ளிகள் மங்கி, பன்னிரண்டாவது வாரம் கண்ணாடியில் பழைய நசீம் தெரிந்தார். அன்றைக்கு எடைமேடைக்குப் போகும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இனி ஒருவனும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தார். அப்பாவி.

முதல் லாரியே பல்ராமுடையது. முகத்தை உற்றுப் பார்த்தான். இறங்கி வந்து ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விட்டுட்டீங்க போலருக்கு பாய்."

"எத?"

"எங்கிட்டயுமா? எப்படி விட்டீங்கன்னு சொல்லுங்க. எனக்கும் விடணும்னு ஆசதான்."

அவன் கண் கலங்கியிருந்தது. நசீம் எடைச் சீட்டை எழுதி அவன் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கமிட்டித் தலைவர் வந்து, குடியை விட்ட அனுபவத்தை இளைஞர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார். நான் குடித்ததே இல்லை என்றார் நசீம். அடக்கம் என்று தலைவர் புரிந்துகொண்டார்.

நோன்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு, லாமியிலிருந்து தாஜுதீன் மகனோடு வந்தார். ஜாவேத் தலையைக் குனிந்தபடியே முனீரா எந்தக் கதவு வழியாக வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். தாஜுதீன் உட்கார்ந்ததிலிருந்து நசீமின் முகத்தைத்தான் பார்த்தார். டீ ஆறும்வரை பார்த்தார். பிறகு பேசினார்.

"நசீம் பாய், மறைக்காம சொல்றேன். எண்பத்தேழு கலவரத்துல கட போச்சு. அப்ப நானும் ஆரம்பிச்சேன். விட நாலு வருசம் ஆச்சு. அந்த நாலு வருசம் இவனோட அம்மா பட்டது எனக்குத் தெரியும். அதனாலதான் பயந்து சொல்லி அனுப்பினேன். நீங்க மூணு மாசத்துல விட்டிருக்கீங்க. ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. தொடாதவன நான் முழுசா நம்பமாட்டேன். விட்டவன நம்புவேன்."

நசீம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். அப்போது சமையலறை வாசலிலிருந்து கைருன்னிசாவின் குரல் வந்தது.

"மூணு மாசமா தொடறதில்ல பாய். அல்லா கேட்டுட்டான். நாப்பது நாள் நோன்பு வெச்சேன் இவருக்காக."

சொல்லிவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சம்பந்தம் கைகூட நடிக்கிறாளோ என்று நசீம் ஒரு கணம் நினைத்தார். ஆனால் கைருன்னிசாவுக்கு நடிக்க வராது. விருந்தாளி கொண்டுவந்த இனிப்பு பிடிக்கவில்லை என்றால்கூட முகத்தில் காட்டிவிடுவாள். அது நிஜ அழுகை. நிம்மதியில் வந்த அழுகை.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கதவிடுக்கில் முனீராவின் தாவணி தெரிந்தது. குடிக்கவே இல்லை என்றால், இன்னும் மறைக்கிறான், இன்னும் விடவில்லை என்று ஆகும். ஜனவரி போய்விடும், நியூசிலாந்து போய்விடும். ஆமாம் விட்டேன் என்றால் அது பொய். இருபத்தாறு வருஷம் எடை பார்த்த மனுஷர் அந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்தார்.

"இனிமே தொடமாட்டேன் பாய்," என்றார் கடைசியில். "சத்தியமா."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தாஜுதீன் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜனவரி ஆறாம் தேதி என்று முடிவானது.

அவர்கள் கிளம்பிப் போனதும் நசீம் கோப்பைகளை எடுத்துக்கொண்டு மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குள் போனார். அவர் அங்கே வந்து அவள் பார்த்ததில்லை.

"நீயுமா நம்புன?"

"யார் சொல்லியும் நம்பலீங்க," என்றாள் கைருன்னிசா. "வீட்டுக்கு வந்து சொன்னவங்களையெல்லாம் சண்ட போட்டு அனுப்பிட்டேன். ஒங்க மூஞ்சியப் பாத்துதான் நம்பினேன். தெனமும் ரெண்டு தரம் கிட்டக்கப் பாக்கறேனே. எப்பதான் நிறுத்துவீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேனா? கேட்டா ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னு கேக்கல."

சண்டை போட்டிருக்கிறாள். நோன்பு இருந்திருக்கிறாள். குடிகாரன் என்று நினைத்த முகத்தை மூன்று மாதம் முகம் சுளிக்காமல் தடவியிருக்கிறாள். அவள் கண்கள் அழுது வீங்கியிருந்தன. ஆனால் வருஷக்கணக்காக அவர் காணாத ஒரு சந்தோஷம் அதில் இருந்தது.

"விட்டுட்டீங்கல்ல?" என்று கேட்டாள். "நெசமா விட்டுட்டீங்கல்ல?"

"விட்டுட்டேன்," என்றார் நசீம்.