நாலாம் நம்பர்

"சாவியைக் குடு பிரிஜட்" என்று அலெக்சாண்டர் மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினான். பிரிஜட் பூட்டிய அறைக்கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. கீழே அடுக்குமாடித் தரைத்தளத்துத் திறந்தவெளியில், வாய்ட் டெக்கில் துணி கட்டியாகிவிட்டது, நாற்காலிகள் வந்துவிட்டன. ஐந்து மணிக்குச் சர்ச்சிலிருந்து ஜெபக்கூட்டத்தார் வருகிறார்கள். செத்துப்போன அவள் புருஷன் ஆம்ப்ரோஸுக்கு உடுத்த வேண்டிய கல்யாண சூட் மட்டும் இந்த அறைக்குள், அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சவப்பெட்டி கொண்டுவந்த கேஸ்கெட் கடை ஆள் வேனில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"வேற சட்டை வாங்கிப் போடுங்கண்ணே. தேக்காவுல கடையா இல்ல" என்றாள் பிரிஜட்.

சூட்டுதான் போடவேண்டும் என்று நேற்று ஆஸ்பத்திரியில் நின்று அழுதது அவள்தான். அலெக்சாண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் செத்த அதிர்ச்சியில் தங்கச்சிக்குப் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்றே நினைத்தான். அவன் கையில் குறடு வேறு இருந்தது. ஹால் சுவரெல்லாம் ஓடும் ஒயர்களை அறுத்துவிட்டால் வருகிறவர்கள் காலில் தட்டாது என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். "அதுல கை வச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று அவள் சொன்ன தோரணையில் குறடு மெல்லப் பாக்கெட்டுக்குள் போனது. அவரோடு வேலை பார்த்த சுந்தரம் வரட்டும், சுந்தரத்தோடுதான் உள்ளே போவேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில், மூணு ரூம் வீட்டில், ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? இருந்தது. ஆம்ப்ரோஸ் இருபது வருஷம் சாலைக்கடியில் குழியில் இறங்கி டெலிபோன் கேபிள் இணைத்தவன். நாற்பத்தாறு வயதில் முட்டி வலிக்க ஆரம்பித்ததும், லண்டன்காரன் நடத்தும் டெக்னீஷியன் பரீட்சை எழுதி எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்று ஆசை வந்தது. கேள்வித்தாள் பாஸ், செய்முறையில் ஃபெயில். அடுத்த வருஷமும் அதே கதை. குழியில் நிற்கிறவனுக்கு எக்ஸ்சேஞ்ச் மிஷினைத் தொட்டுப் பார்க்க எங்கே வாய்ப்பு? எண்பத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனவன், எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கட்டிய ரிலே சுவிட்சுகளும், சுற்றிய நம்பருக்கு இணைப்பைக் கொண்டுபோகும் செலக்டரும், நாலு கறுப்பு டெலிபோனுமாகத் திரும்பி வந்தான். லிஃப்ட் ஒன்பதில் நிற்காது. எட்டாவது மாடியிலிருந்து படியேறித் தூக்கிக்கொண்டு வந்து, அறையில் ஒரு மிஷினாகக் கோத்தான்.

ஹாலில் ஒன்றாம் நம்பர். அறையில் மிஷினுக்குப் பக்கத்திலேயே இரண்டு. காரிடார் வழியாக ஒயர் இழுத்து அடுத்த வீட்டு ஜலாலுதீன் வீட்டில் மூன்று. அவர் மனைவி ஜைனப் அதில்தான் கறிவேப்பிலை கேட்பாள். சமையலறையில் நாலு.

அந்த நாலாம் நம்பர் பிரிஜட்டுடையது. ஆம்ப்ரோஸ் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், பிள்ளை கிடையாது, வீட்டில் பேச்சும் குறைவு. ஆனால் ரிசீவரைக் கையில் எடுத்தால் வேறு ஆள். "ஹலோ, சமையல்கட்டு சூப்பர்வைசர் இருக்காங்களா?" என்பான். பதினைந்து அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, காலையில் நீ கட்டியிருந்த நீலப்புடவை நல்லாருந்துச்சு என்பான். நேரில் கேட்டால் மறுத்துவிடுவான். அடுப்பில் எது கருகினாலும் பிரிஜட் ரிசீவரை வைக்கமாட்டாள்.

அது முதல் வருஷம். அடுத்த வருஷம் பரீட்சைக் கவலையில் அந்த அழைப்புகள் நின்றுபோயின. இந்தத் தடவை பரீட்சை நெருங்கியதும் மிஷினில் ஒரு கோளாறு புகுந்தது. மணி இரண்டு தடவை அடிக்கும், தானாக நின்றுவிடும். ஐந்து வாரமாக அவன் அதோடுதான் மல்லுக்கட்டினான். நாள் முழுக்க நாலாம் நம்பர் அடித்து அடித்து நிற்கும். ஒருநாள் ஆசையாக ஓடிப்போய் எடுத்தாள். "எடுக்காதேன்னு எத்தன வாட்டி சொல்றது, டெஸ்ட் பண்றேன்லா" என்று கத்தினான். அவன் கத்தி அவள் அதற்குமுன் கேட்டதில்லை. இனிமேல் சத்தியமாக எடுக்கமாட்டேன் என்றாள். சொன்னபடி எடுக்கவும் இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் கை மட்டும் ஒரு முறை சேலையில் துடைத்துக்கொள்ளும்.

நேற்று மத்தியானம் மணி அடித்தது. இரண்டு. அப்புறம் மூன்று, நாலு. பிரிஜட் அகப்பையைக் கீழே வைத்தாள். பத்தைத் தாண்டியது. ஐயோ, சரியாகிவிட்டது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை பரீட்சை, மாதா கண் திறந்துவிட்டாள். சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று அடுப்பைக்கூடக் குறைத்தாள். கொண்டாட்டத்துக்கு அவனுக்குப் பிடித்த மாதிரி டின் பால் கூடுதலாக ஊற்றிக் காப்பி கலக்கினாள். மணி அடிக்க அடிக்கக் கலக்கினாள். கப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனபோது அவன் மேசையில் கவிழ்ந்து கிடந்தான்.

ஜலாலுதீன் ஓடிவந்து தூக்கினார். அடித்துக்கொண்டே இருந்த மணி தாங்கமுடியாமல் சுவரிலிருந்து மிஷின் பிளக்கைப் பிடுங்கியதும் அவர்தான். இரண்டாம் நம்பர் ரிசீவர் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் எடுத்ததா, விழுந்தபோது தட்டிவிட்டதா, தூக்கியபோது சரிந்ததா என்று யாருக்கும் தெரியாது. நெஞ்சுவலி, ஒரு நிமிஷத்தில் போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

சுந்தரம் புக்கிட் மேராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மணி நாலேகால். ஆம்ப்ரோஸோடு குழியில் நின்றவன், வயதில் சின்னவன், போன வருஷம் அதே பரீட்சையில் பாஸாகிவிட்டவன். ஞாயிறுதோறும் வந்து இந்த மிஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். பிரிஜட் கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டாள். அலெக்சாண்டரும் பின்னாலேயே வந்தான். சூட்டுக்குப் போன கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, எதையும் தொடாம கேளுங்க" என்று சுந்தரத்திடம் ஆரம்பித்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். மணி அடித்தது. முப்பத்தோரு தடவை எண்ணினேன். எடுக்கவில்லை. "அது டெஸ்டா, இல்ல என்னைக் கூப்பிட்டாரா? அத எனக்குத் தெரியணும்."

சுந்தரம் தலையைக் குனிந்துகொண்டான். டெஸ்ட்டாகத்தான் இருக்கும் அண்ணி என்றான். உடம்புக்கு ஆகவில்லையென்றால் அண்ணன் மூன்றாம் நம்பரைத்தானே சுற்றியிருப்பார், ஜைனப்பு அக்கா முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்களே, நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியாதா என்றான். நியாயமான பேச்சு. இரவெல்லாம் அவளும் அதைத்தான் தனக்குச் சொல்லிப்பார்த்திருந்தாள்.

ஆனால் இதை மிஷினிடமே கேட்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். ஆம்ப்ரோஸ் சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பிரித்துவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். டெஸ்டுக்கு அவன் நம்பரைச் சுற்றுவதில்லை, அதற்குத் தனிப் பட்டன். அதை அமுக்கியிருந்தால், கரண்ட் போனதோடு மிஷினுக்கு அது மறந்துபோகும். நம்பரைச் சுற்றியிருந்தால் செலக்டரின் விரல் ஏறிப்போன இடத்திலேயே நிற்கும். ரிசீவரைத் திரும்ப வைக்காதவரை, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி அடிக்கும். அதனால்தான் பூட்டினாள். யாராவது பெருக்கித் துடைக்கிற நல்ல மனசில் ரிசீவரை எடுத்து வைத்துவிட்டால் பதில் போய்விடும்.

"கண்டிப்பாத் தெரியணுமா அண்ணி?" என்றான் சுந்தரம்.

அவளுக்கே அது தெரியவில்லை. டெஸ்ட் என்றால் அவள்மேல் பாவமில்லை. நிம்மதியாக அழலாம். ஆனால் ஒரு வருஷமாக அவள் காத்துக்கிடந்தது ஒரே ஒரு அழைப்புக்கு. அது வந்தபோது எடுக்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்திருக்க வேண்டும் என்று மனசு கேட்டது. இப்படிக்கூட ஒருத்தி நினைப்பாளா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சுந்தரம் குனிந்து செலக்டரின் மூடியைக் கழற்றப் போனான். "வேணாம், நீங்க பாத்துச் சொல்லாதீங்க. நான் அங்க போய் நிக்கிறேன், பிளக்கை மட்டும் போடுங்க" என்றாள்.

சமையலறையில் நேற்றைய காப்பிப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. பிரிஜட் நாலாம் நம்பருக்கு முன்னால் போய் நின்றாள். போடுங்க என்றாள்.

அறையில் ரிலேக்கள் படபடவென்று தட்டிக்கொண்டன. பிறகு ஒன்றுமில்லை. டெஸ்ட்தான் என்று நினைத்தாள். வர வேண்டிய நிம்மதி வரவில்லை.

அப்போது மணி அடித்தது.

அடுத்த வீட்டில் எடுக்க ஆள் இருந்தும், எடுக்கமாட்டாள் என்று தெரிந்தும், அவன் நாலைத்தான் சுற்றியிருக்கிறான். பிரிஜட் கையைச் சேலையில் துடைக்கவில்லை. முதல் மணி முடியும் முன்பே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"எடுத்துட்டேங்க. சொல்லுங்க" என்றாள்.

அந்தப் பக்கம், அறையில் தொங்கும் இரண்டாம் நம்பர் வழியாக, சுந்தரம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அலெக்சாண்டர் அலமாரியைத் திறந்தான். ஹேங்கர்கள் கம்பியில் உரசி நகர்ந்தன. கீழே வேன் ஒருமுறை ஹார்ன் அடித்தது. அவள் ரிசீவரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.